கல்லூரிப் பிள்ளைகளின் பல் கேள்விகள்: ஒரு பல் மருத்துவரின் பதில்கள்

டாக்டர், கடைவாய்க் கடைசியில் வீங்கி வாயே திறக்க முடியவில்லை. செமஸ்டர் நேரம். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டால் இரண்டு நாள் அடங்கி, திரும்ப வருகிறது.

ஞானப்பல் மாதிரித் தெரிகிறது தம்பி. 17லிருந்து 25 வயதுக்குள் முளைப்பது, அதனால்தான் கல்லூரியில் வந்து படுத்துகிறது. பாதி முளைத்த பல்லை ஈறு மூடியிருக்கும், அதற்கடியில் சோறு தங்கும், பிரஷ் எட்டாது, சீழ் பிடிக்கும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டே நாளைக்குள் பல் டாக்டரிடம் போங்கள். காய்ச்சலோ கழுத்து வீக்கமோ இருந்தால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், பரீட்சையை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரி. மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள்.

க்ளீனிங் செய்தால் பல் ஆடுமா?

ஆடாது. க்ளீனிங்கில் எடுப்பது பல்லில் படிந்து கல்லாக இறுகிய காரை. ஈறைக் கெடுத்துப் பல்லை ஆட வைப்பதே அந்தக் காரைதான்.

தருமபுரிப் பக்கம் ஊர். முன்பல்லில் பழுப்புக் கறை. 'பல் தேய்க்க மாட்டியா'ன்னு ஹாஸ்டலில் கேட்கிறார்கள். கையால் மூடிக்கொண்டுதான் சிரிக்கிறேன், செமினார் என்றால் லீவு. வலி இல்லாததால் டாக்டரிடம் போகத் தயக்கம்.

முதலில் ஒன்று புரிந்துகொள்ளம்மா, இது நீ பல் தேய்க்காததால் வந்ததாக இருக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஈறுக்குள் பல் உருவாகும் சின்ன வயதில் அந்த நீரைக் குடித்தால் எனாமல் சரியாக இறுகாது, முளைக்கும்போதே குறையோடுதான் வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் வந்ததே இதற்காகத்தான். இப்போது குடிக்கும் தண்ணீரால் முளைத்த பல்லில் கறை அதிகமாகாது. லேசான கறை என்றால் மேல்படலத்தை மெல்லத் தேய்த்தெடுப்போம், ஆழமானால் பல் நிறத்திலேயே பூச்சு வைப்போம். எலுமிச்சை, கரித்தூள் எதையும் போட்டுத் தேய்க்காதே. வலி இல்லை என்று தள்ளிப்போடவும் வேண்டாம். வாயின் நிலை ஒருவர் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்க 1997ல் வந்த 14 கேள்விகள் கொண்ட படிவத்தில் வலி ஒரே ஒரு கேள்விதான். வெட்கம், பேச்சு, சாப்பாடு, வழக்கமான வேலை செய்ய முடிகிறதா என்பதெல்லாம் மற்றவை. செமினாருக்கு லீவு போடுவது அதில் வரும்.

அப்படியானால் ஃப்ளோரைடு பேஸ்டே விஷம்தானே? வேப்பங்குச்சி போதும்.

அளவு முக்கியம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதை வருஷக்கணக்கில் குடிப்பது வேறு, பேஸ்ட்டை இரண்டு நிமிஷம் தேய்த்துத் துப்புவது வேறு. சொத்தையைத் தடுப்பதில் ஃப்ளோரைடு பேஸ்ட் நன்றாக நிரூபிக்கப்பட்டது.

என் தாத்தா வேப்பங்குச்சியில் தேய்த்தே 80 வயதிலும் கரும்பு கடித்தார் டாக்டர்.

நல்லது. ஆனால் அவர் நாள் முழுக்க கேண்டீன் டீ, நடுராத்திரியில் பிஸ்கட், கூல்டிரிங்க்ஸ் என்று இருந்தாரா? ஒவ்வொரு தடவை இனிப்பு போகும்போதும் வாயில் அமிலம் ஊறி எனாமலைக் கரைக்கும். அவர் சாப்பாட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், குச்சியை மட்டும் எடுக்காதீர்கள்.

க்ளீனிங் செய்தால் பல்லில் இடைவெளி விழுமா?

விழாது. காரை அடைத்திருந்த இடம் தெரிகிறது, அவ்வளவுதான்.

பாக்குப் பொட்டலம் போடுகிறேன். காரம் பட்டால் வாய் எரிகிறது.

இன்றோடு நிறுத்துங்கள். மூன்று விரலைச் செங்குத்தாக வாயில் வைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் கன்னத்தின் உள்தோல் இறுகத் தொடங்கியிருக்கலாம், அது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. நுழைந்தாலும் எரிச்சல் இருப்பதால் இந்த வாரமே அரசு பல் மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள். புகையிலையும் கலந்ததென்றால், விட உதவி கேட்க 1800-11-2356, இலவசம்.