வாசகர் கேள்வி பதில்: தாய்க்குரங்கின் தீனியும் குட்டியின் குடலும்

கேள்வி: கர்ப்பிணி குண்டாக இருந்தால் பிள்ளையின் குடல் பாக்டீரியா கெட்டுவிடும், குரங்குகளிலேயே நிரூபித்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. அமெரிக்காவின் ஓரிகான் பிரைமேட் (குரங்கின) ஆராய்ச்சி மையத்து ஜப்பானிய மக்காக் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வு அது; 2014-ல் வெளியானது. ஒரு பிரிவுத் தாய்களுக்குக் கலோரியில் சுமார் 36 சதவீதம் கொழுப்பிலிருந்து வரும் தீனி. மறு பிரிவுக்குச் சுமார் 13 சதவீதம். நாளுக்கு 2000 கலோரி சாப்பிடும் மனிதருக்கு இதைப் பொருத்தினால் முதலாவது 80 கிராம் கொழுப்பு, இரண்டாவது 29 கிராம். கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் அதே தீனிதான்.

கொழுப்புத் தீனி தின்ற எல்லாத் தாய்களும் பருத்துவிடவில்லை, சில ஒல்லியாகவே இருந்தன. ஆய்வின் உயிர்நாடி இதுதான். உடல் பருமனையும் உணவையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. குட்டிகளுக்கு ஒரு வயதானபோது மலத்திலுள்ள பாக்டீரியாக்களின் 16எஸ் மரபணுவை (எந்த பாக்டீரியா என்று அடையாளம் காட்டும் மரபணு) படித்ததில், வித்தியாசம் தாயின் எடையோடு அல்ல, தாய் தின்றதோடுதான் ஒத்துப்போனது. பால் மறந்தபின் சில குட்டிகளைக் குறைந்த கொழுப்புத் தீனிக்கு மாற்றியும் ஓரளவே சரியானது. கொழுப்புத் தீனிக் குட்டிகளிடம் குறைந்துபோனவற்றில் ஒன்று, நோய் உண்டாக்காத கேம்பைலோபாக்டர் வகை பாக்டீரியா. இதன் வேறு சில வகைகள் வயிற்றுப்போக்கை உண்டாக்குபவை என்பதால் இது விசித்திரம்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம்: தீனியில் கொழுப்பின் பங்கைக் கூட்டினால் வேறேதோ குறைந்தே ஆகும். அதனால் பழியை முழுக்கக் கொழுப்பின்மேல் போட முடியாது.

கேள்வி: அப்படியென்றால் கர்ப்பத்தில் புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய) மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: நீங்களாக வேண்டாம். ஆஸ்திரேலியாவில் எடை கூடுதலான 411 கர்ப்பிணிகளில் ஒரு பிரிவுக்கு லாக்டோபேசிலஸ், பிஃபிடோபாக்டீரியம் என்ற பாக்டீரியாக்கள் கலந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். கர்ப்பகால நீரிழிவைத் தடுக்கவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2021 அறிக்கை, கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் ப்ரீ-எக்லாம்ப்சியா ஆபத்து இம்மாத்திரைகளால் கூடுகிறது என்றது. வீட்டுத் தயிர் வேறு கதை, அதை நிறுத்த வேண்டியதில்லை.

கேள்வி: என் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் குறியீடு) 32. கர்ப்பத்திலேயே எடையைக் குறைத்துவிடலாமா?

பதில்: கூடாது. 30-க்கு மேலிருப்பவர்களுக்கு மொத்தக் கர்ப்பத்துக்கும் 5 முதல் 9 கிலோ வரை கூடுவதுதான் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2009-ல் சொன்ன அளவு. பட்டினி கிடக்காமல், பொரித்ததைக் குறைத்து, அந்த இடத்தில் பயறு, கீரை, காய் வையுங்கள். எடையை ஒவ்வொரு பரிசோதனையிலும் அதே தராசில் பார்க்கச் சொல்லுங்கள். தராசு மாறினால் ஒரு கிலோ எளிதாக முன்பின் காட்டும்.