பச்சை இலைப் படமும் ஷாம்பு பாக்கெட்டும்

கேள்வி: 'இயற்கைக்கு உகந்தது', 'மக்கும் தன்மை கொண்டது' என்று அச்சிட்ட பொருள்களையே கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறேன். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவோ ஷாம்பு, எண்ணெய், காபித்தூள் எல்லாவற்றையும் சிறு பிளாஸ்டிக் பாக்கெட்டுகளில்தான் வாங்குகிறார். எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. இவர்களுக்குச் சுற்றுச்சூழல் உணர்வை எப்படி ஊட்டுவது?
– ஒரு வாசகி, கோவை

பதில்: உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கேட்க வேண்டியவர்களை விட்டுவிட்டு, பதில் சொல்லும் நிலையில் இல்லாத ஒருவரை நிறுத்திக் கேட்கிறீர்கள். பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் பாக்கெட்டிலிருந்து ஒன்றைக் கிழித்து வாங்குபவர், கையில் அன்றைக்கு இருக்கும் காசுக்கு ஏற்ப வாங்குகிறார். பாட்டில் வாங்க முடியாத எளியவர்களுக்கும் ஷாம்பு எட்ட வேண்டும் என்றுதான் கடலூர் சின்னிகிருஷ்ணன் அதைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்றார். அந்த நோக்கத்தில் குறையில்லை. ஆனால் அதே வழியைப் பின்பற்றிப் பெருநிறுவனங்கள் சந்தையைப் பிடித்தபோது, பல அடுக்குகளை ஒட்டிச் செய்த, பிரித்தெடுத்து மறுசுழற்சி செய்வது கட்டுப்படியாகாத அந்த உறைகளை யார் திரும்பப் பெறுவது என்று எவரும் கேட்கவில்லை. அந்தப் பொறுப்பு உற்பத்தியாளருடையது என்று 2022 பிப்ரவரியில் மத்திய அரசு விரிவான விதிகளை வெளியிட்டது. பல அடுக்கு உறைகளுக்கு அதில் தனிப் பிரிவே உண்டு. உங்கள் வீட்டு அம்மாவிடம் கேட்ட கேள்வியை அந்த நிறுவனங்களிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

இனி 'இயற்கைக்கு உகந்தது' என்று நம்பி நீங்கள் வைத்திருக்கும் பைகளுக்கு வருவோம். ஜவுளிக்கடையில் தருகிற, தொட்டால் துணி போலிருக்கும், சிறு சிறு புள்ளிகள் அழுத்திய பை உங்கள் வீட்டிலும் இருக்கும்; அதன் மேல் பெரும்பாலும் ஒரு பச்சை இலையும் அச்சிடப்பட்டிருக்கும். அதன் ஓரத்தில் நெருப்பைக் காட்டினால் பருத்தியைப் போல் எரிந்து சாம்பலாகாமல் உருகிச் சொட்டும். ஏனென்றால் அது பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கே. வெயிலில் மாதக்கணக்கில் கிடந்தால் பொடிப்பொடியாக உதிரும். உதிர்வதை மக்குவதாக எண்ணி ஏமாறுகிறோம். சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறைந்த இத்தகைய பைகள் 2021 செப்டம்பர் 30 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை.

'மக்கும் பை' என்று விற்கப்படுவதிலும் பாதிச் செய்திதான் நமக்குச் சொல்லப்படுகிறது. ஏறத்தாழ 58 டிகிரி வெப்பத்தில், ஈரமும் காற்றும் சீராக இருக்கும் உரக்கூடத்தில், ஆறு மாதங்களுக்குள் சிதைய வேண்டும் என்பதே அதற்கான சோதனை. கோவையின் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கில் மற்றக் குப்பையோடு குவியும் பைக்கு அந்தச் சூழல் கிடைப்பதில்லை. உண்மையான பருத்திப் பைக்கும் ஒரு விலை உண்டு. டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, பருவநிலைப் பாதிப்பை மட்டும் கணக்கிட்டாலே சாதாரணப் பருத்திப் பை ஒன்றைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் அது கடையில் தரும் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். (பை தெருவிலும் கடலிலும் வீசப்படுவதால் வரும் கேட்டை அந்த ஆய்வு கணக்கில் சேர்க்கவில்லை, ஆகவே பிளாஸ்டிக் பைக்கு இது நற்சான்று ஆகாது.) துணிக்கு ஏற்றும் சாயத்தின் கணக்கு வேறு. சாயக்கழிவு கலந்து நொய்யல் ஆறும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையும் என்ன ஆயின என்பதும், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்ததும் கோவையில் வசிக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே துணிப்பை வாங்குவதில் பெருமையில்லை; வாங்கிய ஒன்றைக் கிழியும்வரை தூக்கிச் செல்வதில்தான் பயன். கடைக்குக் கடை புதிதாக ஒன்று வாங்கி அலமாரியில் அடுக்குபவரைவிட, பழைய வயர்கூடையோடு சந்தைக்குப் போகிறவர் சுற்றுச்சூழலுக்கு அதிக நன்மை செய்கிறார்.

கூடுதல் விலை கொடுத்து வாங்கும் உங்களுக்கு ஒரு கருவி கையில் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் பசுமைப் பூச்சு விளம்பரங்களுக்கு, அதாவது ஆதாரமின்றிப் பொருளைச் சுற்றுச்சூழலுக்கு நல்லதாகக் காட்டும் விளம்பரங்களுக்கு எதிராக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 'பசுமையானது', 'இயற்கைக்கு உகந்தது' போன்ற பொதுச் சொற்களைத் தக்க விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் இனி அச்சிடக் கூடாது. சொல்லப்படுவது பொருளுக்குப் பொருந்துமா, உறைக்கு மட்டுமா, தயாரிப்பு முறைக்கா என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. புகார் வராத வரையில் இந்த நெறிகள் பெரும்பாலும் காகிதத்திலேயே கிடக்கும். பாக்கெட் வாங்கும் அம்மாவைவிட, எழுதவும் வாதிடவும் நேரமும் வசதியும் உள்ள நீங்களே அந்தப் புகாரைக் கொடுக்க வேண்டியவர்.

நீங்கள் அதிக விலை கொடுத்து வாங்கும் பொருள்களில் மூன்றை எடுத்து, 'மக்கும்' என்பதற்கான சான்றிதழ் எண்ணையும் அதை வழங்கிய அமைப்பின் பெயரையும் கேட்டு உற்பத்தியாளருக்கு எழுதுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் ரசீதையும் உறையின் படத்தையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். நிறுவனங்கள் உங்களுக்கு எழுதும் பதில்களின் நகலை எங்களுக்கும் அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.

– ஆசிரியர்