லாபம் வருகிறது, ஆர்டர் கூடுகிறது, ஆனால் சம்பளம் போடக் காசில்லை. ஏன்?

நீங்கள் கேட்டிருப்பது எங்கள் கம்பெனியிலும் அப்படியே நடந்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன்.

நூலுக்கு மில்லில் 15 நாள் கடன் தருவார்கள். அந்த நூல் நிட்டிங் போய், சாயப்பட்டறை போய், வெட்டி, தைத்து, செக்கிங் முடிந்து பெட்டி ஏற ஒரு மாதம் ஆகும், அதற்கு மேல் பையர் (சரக்கு வாங்குபவர்) பணம் போட 60 நாள். ஆக மில் தரும் 15 நாள் போக 75 நாள் நம் காசு நடுவழியில் நிற்கிறது. மாதம் 18 லட்சம் செலவு செய்து 20 லட்சத்துக்கு விற்றால், 45 லட்சம் எப்போதும் நூலாக, துணியாக, வசூலாகாத பில்லாகக் கிடக்கும். இதுதான் நடைமுறை மூலதனம். ஆர்டர் இரட்டிப்பானால் 90 லட்சம் வேண்டும். மாதம் 2 லட்ச லாபத்தை வைத்துக்கொண்டு கூடுதல் 45 லட்சத்துக்கு எங்கே போவது? லாபம் பொய்யில்லை, அது துணிக்குள் இருக்கிறது.

காசு தீர இன்னொரு வழி மிஷின். அதை வாங்குவது மூலதனச் செலவு. காசு இன்றைக்கே மொத்தமாகப் போய்விடும், ஆனால் லாப நட்டக் கணக்கில் தேய்மானமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். அதனால் தாளில் லாபம் அழகாகத் தெரியும்.

நாங்கள் சிசி லிமிட்டிலிருந்து (அன்றாடத் தொழில் செலவுக்கு வங்கி தரும் கேஷ் கிரெடிட் கடன் வரம்பு) 12 லட்சம் எடுத்து ஓவர்லாக், பிளாட்லாக் தையல் மிஷின்கள் வாங்கினோம். வாங்கிய மிஷின் பாலித்தீன் உறை பிரிக்காமல் நின்றது, ஏனென்றால் அதில் தைக்கத் துணி இல்லை, துணிக்கு நூல் வாங்க லிமிட்டில் பணம் இல்லை. மூன்று சனிக்கிழமை முதலாளி வீட்டு நகையை அடகு வைத்துத்தான் வாரச் சம்பளம் கொடுத்தார். அந்தப் பணத்தை எண்ணிக் கவரில் போட்டவன் நான், மனசு ஆறவே இல்லை.

தயவுசெய்து மிஷினுக்கு டேர்ம் லோன் (பல வருடத் தவணையில் அடைக்கும் கடன்) போடுங்கள், சிசி பணம் நூலுக்கும் கூலிக்கும் மட்டும் போகட்டும். அப்புறம், சிறு தொழில்களுக்கு எதிர்பார்க்கும் வருட விற்பனையில் 20 சதவீதம் வரை லிமிட் தரும் முறை வங்கிகளில் உண்டு. மாதம் 40 லட்சம் விற்பனை என்றால் வருடத்துக்கு 4.8 கோடி, லிமிட் 96 லட்சம் வரை வரும். ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன்பே போய் மேனேஜரிடம் பேசுங்கள், காசு தட்டுப்பாடு வந்த பிறகு போனால் காது கொடுக்க மாட்டார்கள். பையரிடமும் விலையைப் பேசும்போதே எத்தனை நாளில் பணம் தருவார் என்பதையும் பேசுங்கள். மாதம் 36 லட்சம் செலவு ஓடும் இடத்தில் 60 நாளை 45 ஆக்கினாலே 18 லட்சம் உங்கள் கைக்கு வந்துவிடும்.