இடுப்புவலியோடு வரும் பிரசவம்: கையை எங்கே வைப்பது?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். இரண்டாவது பிள்ளை, 36 வாரம். மூத்தவன் பிறந்தபோது வயிற்றைவிட இடுப்புதான் விண்டுபோனது. தைலம் தேய்த்தும் கேட்கவில்லை. மருந்தில்லாமல் குறைக்க வழியுண்டா?

பதில்: உண்டு, சகோதரி. தைலம் கேட்காததற்குக் காரணம் பெரும்பாலும் இடம் தவறியதுதான். வீட்டில் எல்லாரும் இடுப்பு மடிப்பில் தேய்ப்பார்கள். இந்த வலி அதற்கும் கீழே, புட்டப் பிளவுக்குச் சற்று மேலே உள்ள தட்டை எலும்பில் உட்காரும். குழந்தையின் பின்மண்டை உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் பல சமயம் அந்த எலும்பை உள்ளிருந்து நெருக்கும்.

அங்கே வேண்டியது தேய்ப்பு அல்ல, அழுத்தம். கட்டில் விளிம்பைப் பிடித்துக் குனிந்து நில்லுங்கள். கணவர் ஒரு கையால் உங்கள் இடுப்பெலும்பை முன்பக்கம் பிடித்துக்கொள்ளட்டும், இல்லையேல் நீங்கள் முன்னால் சாய்வீர்கள். மறு உள்ளங்கையின் அடிப்பகுதியை அந்த எலும்பில் வைத்து, முழங்கையை மடக்காமல் உடல் எடையைச் சாய்க்க வேண்டும். வலி ஏறும்போதே தொடங்கி, இறங்கும்வரை எடுக்கக் கூடாது. கைபலத்தால் அழுத்துகிறவருக்குப் பத்து வலிக்குள் கை நடுங்கும். ஒரு விரற்கடை நகர்ந்தாலும் பலன் போய்விடும்; "இங்கேதான்" என்று நீங்கள் சொல்லும்வரை தேடட்டும்.

அது போதாவிட்டால் இரு புட்டங்களின் சதைப்பகுதியிலும் உள்ளங்கைகளை வைத்து நடுவை நோக்கி நெருக்கலாம். கைகளை மேலே, இடுப்பெலும்பு விளிம்பில் வைத்தால் வலிதான் கூடும். மண்டியிட்டுக் கையூன்றினால் குழந்தையின் பாரம் முதுகிலிருந்து விலகும். வெந்நீர்த் துவாலையை முன்கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகே வையுங்கள். எபிடியூரல் (முதுகில் போடும் மரப்பு ஊசி) போட்டிருந்தால் இந்தச் சூடு வேண்டாம். தோல் வெந்தாலும் தெரியாது.

இன்னொன்று, கிருமி நீக்கிய வெறும் தண்ணீர் ஊசி. கீழ்முதுகில் நான்கு இடங்களில், தோலுக்குள் 0.1 மில்லி வீதம் போடுவார்கள். அரை நிமிடம் குளவி கொட்டியதுபோல் எரியும். சில நிமிடங்களில் முதுகுவலி தணிந்து, இரண்டு மணி நேரம்வரைகூடத் தாங்கும். வயிற்றுவலியை இது தொடாது. எல்லா மருத்துவமனையிலும் இதைப் போட்டுப் பழகிய மிஸ்ஸி (தாதி) இருக்கமாட்டார், இப்போதே கேட்டுவையுங்கள்.

இடைவெளியே இல்லாமல் வலித்தாலும், வயிறு கல்லாக இறுகியே நின்றாலும், இரத்தம் பட்டாலும் அழுத்திக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பிரசவ அறைக்குள் கணவரை விடுவார்களா என்று அடுத்த பரிசோதனையில் விசாரியுங்கள். விடமாட்டார்கள் என்றால், அந்த எலும்பை நீங்களே தொட்டுப் பழகுங்கள். வலி நேரத்தில் விளக்கிச் சொல்ல வராது; மிஸ்ஸியின் கையைப் பிடித்து அங்கே வைத்துவிடலாம்.