ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே ஐந்து கேபின்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸுக்குப் படிக்கப் போனவன் நான். படிப்பு முடிந்ததும் வடக்கே டால்டன் நெடுஞ்சாலையை ஒட்டி, ப்ரூக்ஸ் மலைத்தொடரின் தெற்கு அடிவாரத்தில், ஐந்து மரக் கேபின்கள் கொண்ட ஒரு சின்ன லாட்ஜில் சேர்ந்தேன். ஆறு வருஷம் அங்கே இருந்தேன். முதலாளியும் அவர் மனைவியும் வயதாகித் தெற்கே போய்விட்டதால், கடைசி இரண்டு வருஷம் முழுப் பொறுப்பும் என் தலையில். அதைப் பற்றிச் சொல்லப்போய், நண்பர்கள் கேள்விகளைக் குவித்துவிட்டார்கள். முடிந்தவரை பதில் இதோ.

கேள்வி: அண்ணே, மைனஸ் 40-ல் மனுஷன் எப்படி இருக்க முடியும்? எனக்கு ஊட்டி டிசம்பரே தாங்கவில்லை.

ஊட்டியில் ஈரக்குளிர். வீட்டுக்குள்ளும் அதே குளிர்தான். அங்கே கேபினுக்குள் விறகடுப்பு எரிந்தால் பனியனோடு உட்காரலாம்.

மைனஸ் 40 என்பது செல்சியஸிலும் ஃபாரன்ஹீட்டிலும் ஒரே எண். பெரும்பாலும் காற்று அசையாது, வறண்டு கிடக்கும். உடையில் விழும் பனி ஒட்டாது, தட்டினால் உதிரும். உறைந்த ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) கட்டை மேல் கோடரியைச் சும்மா போட்டாலே 'டக்'கென்று இரண்டாகும். அதே கட்டையை ஜூலையில் பிளந்து பாருங்கள், கோடரி சிக்கிக்கொண்டு வராது. எனக்குப் பயமெல்லாம் பூஜ்யத்தை ஒட்டிய நாட்கள்தான். அக்டோபரும் மே மாதமும். பனி உருகும், உடை நனையும், ஆற்றின் மேல் உள்ள பனிக்கட்டியை நம்ப முடியாது. உறைந்தது உறைந்தே இருக்கும்வரை நிம்மதி.

குளிரில் முதலில் முரண்டு பிடிப்பது இயந்திரங்கள். சமையலுக்கு புரொப்பேன். அது மைனஸ் 42-க்குக் கீழே போனால் சிலிண்டருக்குள் திரவமாகவே கிடக்கும், அடுப்புக்கு வராது. இரவெல்லாம் நின்ற வண்டியின் டயர் அடிப்பக்கம் தட்டையாக இறுகிவிடும். காலையில் முதல் சில கிலோமீட்டர் மாட்டுவண்டி மாதிரிக் கடகடக்கும். நான் பார்த்தது மைனஸ் 49 வரை. எங்களுக்குத் தெற்கே ப்ராஸ்பெக்ட் க்ரீக்கில் 1971 ஜனவரி 23 அன்று மைனஸ் 62.2 பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவிலேயே அதுதான் மிகக் குறைவு.

கேள்வி: வருஷம் முழுக்க வேலை இருக்குமா, சீசன் மட்டும்தானா?

விருந்தினருக்குத்தான் சீசன், நமக்கு இல்லை. ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை அரோரா, அதாவது இரவு வானில் ஆடும் வண்ண ஒளி, பார்க்க வருவார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, நெடுஞ்சாலையின் வடகோடியில் உள்ள டெட்ஹார்ஸ் நோக்கிப் போகிற மோட்டார் சைக்கிள்காரர்கள், மிதிவண்டிக்காரர்கள், கூடவே கொசு. இடைப்பட்ட காலத்தில் யாரும் வர மாட்டார்கள். மராமத்து எல்லாம் அப்போதுதான்.

விறகை எப்போது வெட்டுவோம் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மார்ச், ஏப்ரலில். கோடையில் காடு முழுக்கச் சதுப்பு, கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். பனி மூடியிருக்கும்போது ஸ்னோமெஷினில் (பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி) சறுக்குப் பலகையைக் கட்டி, நின்றபடியே பட்டுப்போன ஸ்ப்ரூஸ் மரங்களை இழுத்து வருவோம். அங்கே விறகுக்கு அளவு 'கார்டு'. நான்கடி அகலம், நான்கடி உயரம், எட்டடி நீளத்துக்கு அடுக்கினால் ஒரு கார்டு. எங்கள் கேபின் ஒன்றுக்கு ஒரு குளிர்காலத்துக்கு ஆறேழு கார்டு போகும். ஐந்து கேபினுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஈர விறகு எரித்தால் புகைபோக்கிக்குள் தார் போலப் படிந்து ஒருநாள் தீப்பிடிக்கும். மாதம் ஒருமுறை கூரையேறி பிரஷ் விட்டுத் தேய்ப்பதும் என் வேலைதான்.

கேள்வி: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கழிப்பறை?

எல்லோரும் கேட்பது இதைத்தான், கூச்சம் வேண்டாம். வெளியே தனிக் கொட்டகை, குழிக் கக்கூஸ். உட்காரும் இடத்தில் நீலநிறத் தெர்மாகோல் போன்ற கெட்டி ஃபோம் பலகை. மைனஸ் 40-லும் அது சில்லென்று இருக்காது, முதல் தடவை உட்காருபவர்கள் ஆச்சரியப்படுவார்கள். நாற்றமும் கிடையாது. ஆனால் குழிக்குள் எல்லாம் விழுந்த இடத்திலேயே உறைந்து கோபுரமாக எழும்பிக்கொண்டே வரும். அதை இரும்புக் கம்பியால் இடித்துச் சாய்க்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். இதற்கு மேல் விவரம் வேண்டாம்.

கேள்வி: கேபின்கள் ஏன் கால் முளைத்த மாதிரித் தூண் மேல் நிற்கின்றன? வெள்ளமா?

வெள்ளம் இல்லை. தரைக்கடியில் மண்ணும் பனிக்கட்டியும் கலந்து நிரந்தரமாக உறைந்திருக்கிறது. தரையோடு ஒட்டி வீடு கட்டி அடுப்பு மூட்டினால் அந்தச் சூட்டில் அடியிலிருப்பது இளகி, வீடு ஒரு பக்கமாகப் புதையும். தூக்கிக் கட்டினால் அடியில் குளிர்காற்று ஓடும், மண் உறைந்தே இருக்கும். எங்கள் பழைய சரக்கறை தரையோடு கட்டியது. உள்ளே ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்தால் தானாக வடக்கு மூலைக்கு உருண்டு போகும்.

கேள்வி: செத்தேன் என்று நினைத்த நாள் உண்டா?

உண்டு. முழுக்க என் தப்பு. இரண்டாவது வருஷம், நவம்பர் தொடக்கம், மைனஸ் 28. ஓடைக்கு அந்தப் பக்கம் வழிக்குறி நட ஸ்னோமெஷினில் போனேன். ஓடை அடிவரை உறைய ஆரம்பிக்கும்போது, கீழே ஓடும் நீர் போக வழியில்லாமல் பிதுங்கி, பனிக்கட்டிக்கு மேலே வந்து பரவும். அதன்மேல் விழுந்த பனி கம்பளி மாதிரி மூடிவிடுவதால், உறையாமல் சேறாகக் கிடக்கும். அங்கே இதை ஓவர்ஃப்ளோ என்பார்கள். அந்த இடத்தில் பனி லேசாகச் சாம்பல் நிறமாக இருந்தது. பார்த்தேன், ஆனாலும் போனேன்.

வண்டி நடுவில் அமுங்கி நின்றது. இறங்கினேன், முழங்கால் வரை தண்ணீர். கரையேறிய இரண்டு நிமிஷத்தில் பூட்ஸ் கயிறு கம்பியாகிவிட்டது, முடிச்சு அவிழவில்லை. கத்தியால் அறுத்தேன். முதலாளி எப்போதும் சட்டைப்பையில் ஒரு பிர்ச் மரப் பட்டைச் சுருளும் தீப்பெட்டியும் திணித்து அனுப்புவார், நான் கிண்டல் செய்வேன். பிர்ச் பட்டையில் எண்ணெய் இருப்பதால் ஈரத்திலும் பற்றும். அந்தச் சுருளும் பக்கத்திலிருந்த காய்ந்த ஸ்ப்ரூஸ் குச்சிகளும்தான் என் கால்விரல்களை மீட்டன. மாற்றுக் காலுறை, அதன்மேல் ரொட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் பை, அதன்மேல் அந்த ஈர பூட்ஸ். இரண்டு மணி நேரம் நடந்து திரும்பினேன். வண்டியைச் சுற்றி உறைந்த பனிக்கட்டியை வெட்டி எடுக்க மூன்று நாள் ஆயிற்று. முதலாளி ஒன்றும் திட்டவில்லை. மறுநாள் ஒரு பை நிறைய பட்டை கொண்டுவந்து வைத்தார், அவ்வளவுதான்.

கேள்வி: அரோரா நிச்சயம் தெரியுமா? எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

குறைந்தது மூன்று இரவு. ஃபோன் செயலியில் கே.பி. எண் (அரோரா எவ்வளவு தீவிரம் என்று காட்டும் 0 முதல் 9 வரையான அளவு) ஏறவில்லை என்று பலர் புலம்புவார்கள். அந்த அகலாங்கில் எண் 1, 2 இருந்தாலே தெரியும், மேகம் இல்லாமல் இருந்தால் போதும். ஒளிவளையம் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. எழுப்பச் சொன்னவர்கள் பட்டியலை வைத்துக்கொண்டு இரவு இரண்டு மணிக்குக் கதவு கதவாகத் தட்டுவேன். பாதிப் பேர் "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பார்கள்.

கேமராக்காரர்களுக்கு ஒன்று: வெளியிலிருந்து உள்ளே வருமுன் கேமராவைக் காற்றுப்புகாத பையில் போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும்.

கேள்வி: கரடி?

குளிர்காலத்தில் தூங்கும், கோடையில் வரும். பூட்டிவிட்டுப் போகும் கேபினின் வாசலில், ஜன்னலடியில் ஆணி மேல்நோக்கி அடித்த பலகைகளைப் போடுவோம். கரடிக்கான மிதியடி. விமானத்தில் கரடி ஸ்ப்ரே அனுமதி இல்லை, ஃபேர்பேங்க்ஸில் வாங்குங்கள். உண்மையில் எங்களுக்கு அதிகச் சேதம் செய்தது முள்ளம்பன்றிதான். பிளைவுட்டின் பசையை விரும்பித் தின்னும், ஒரு கக்கூஸ் கதவே போயிற்று.

கேள்வி: இப்படி ஒரு இடத்தில் எனக்கு வேலை கிடைக்குமா? சாப்பாடு, தங்குமிடம் போதும், சம்பளம் வேண்டாம்.

சம்பளம் வேண்டாம் என்றாலும் அது வேலைதான், தம்பி. சுற்றுலா விசாவில் வந்து அப்படிச் செய்வது சட்டத்துக்கு எதிரானது. மாட்டினால் மறுபடி நுழைவதே சிக்கலாகலாம். வேலை செய்ய உரிமை உள்ளவர்களுக்குச் சொல்கிறேன்: அலாஸ்காவில் குறைந்தபட்சக் கூலி 2025 ஜூலையில் மணிக்கு 13 டாலராக இருந்தது, டிப்ஸ் வருகிறது என்று அதில் கழிக்கக் கூடாது. செலவழிக்கக் கடை இல்லை, அதனால் மிச்சமாகும்.

கேள்வி: தனிமை? இருட்டு?

டிசம்பரில் சில வாரம் சூரியன் எழாது. ஆனால் நடுப்பகலில் சில மணி நேரம் நீலமும் ரோஜா நிறமும் கலந்த வெளிச்சம் உண்டு. அந்த நேரத்தில் உள்ளே உட்காரக் கூடாது என்று எனக்கே ஒரு சட்டம் போட்டிருந்தேன். பேச்சுத்துணைக்கு சி.பி. ரேடியோ, வண்டிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வானொலி. எண்ணெய் வயலுக்குப் போகும் லாரிக்காரர்கள் 19-ஆம் சேனலில் பேசிக்கொண்டே போவார்கள். அவர்கள் நிறுத்துமிடம் கோல்ட்ஃபுட். தங்கம் தேடி வந்தவர்கள் கால் சில்லிட்டுப் பாதியில் திரும்பியதால் வந்த பெயராம். 1978-ல் இடிடராட் நாய்வண்டிப் பந்தயத்தை ஒரே வினாடி வித்தியாசத்தில் வென்ற டிக் மேக்கி, அங்கே ஒரு பழைய பள்ளிப் பேருந்தில் பர்கர் விற்று ஆரம்பித்த கடை அது. அதைத் தாண்டினால் டெட்ஹார்ஸ் வரை 240 மைல், பெட்ரோல் கிடையாது.

கேள்வி: அக்கறையாகக் கேட்கிறேன், நம்ம சாப்பாடு?

அரிசி, பருப்பு, புளி எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை மூட்டையாக வாங்கி வைப்போம். இட்லி மாவுதான் தகராறு. தரையில் வைத்தால் மூன்று நாளானாலும் அப்படியே கிடக்கும். முதலாளியம்மா சௌர்டோ என்கிற புளித்த ரொட்டி மாவு ஜாடியை அடுப்புக்கு மேலே உத்தரத்தை ஒட்டிய பலகையில் வைத்திருப்பார். கேபினில் சூடெல்லாம் அங்கேதான் தங்கும். பக்கத்தில் என் மாவுக்கும் இடம் கொடுத்தார். ஒரே ராத்திரியில் பொங்கி மூடியைத் தள்ளி, அவர் ஜாடி மேலேயே வழிந்தது. அந்த வாரம் ரொட்டியில் கொஞ்சம் உளுந்து வாசனை.