யாராவது வந்து பார்க்கிறார்களா? – வாசகர் கேள்வி பதில்

போன வாரம் இந்தப் பக்கத்தில் ஒரு பதிலுக்கு நடுவே, ஹிட்லர் ஆட்சி யூதர்களை நச்சு வாயுவால் கொல்லத் தொடங்கும் முன்பே சொந்த நாட்டு மாற்றுத்திறனாளிகளை அப்படிக் கொன்றது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு, மலேசியாவில் நம் பீடோங்கிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்கள் மேசை நிறையக் கிடக்கின்றன. இந்த வாரம் அவை மட்டும்தான்.

டீச்சர், என் இரண்டாவது மகளுக்கு டவுன் சிண்ட்ரோம், பதினொரு வயது. நீங்கள் எழுதியதைப் படித்த அவள் அண்ணன், "தங்கச்சி மாதிரிப் பிள்ளைகளையுமா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. உண்மையாகவே நடந்ததா?
– ஒரு தாய், பீடோங்

நடந்தது தங்கச்சி. உங்கள் மகள் மாதிரிப் பிள்ளைகளையும்தான். மகனிடம் மறைக்காதீர்கள், கேட்கிற வயது வந்துவிட்டது.

1933 ஜூலையில், ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத நேரத்தில், ஒரு சட்டம் போட்டார்கள். பரம்பரை நோய் உள்ளவர்களுக்குப் பிள்ளை பிறக்கக்கூடாது என்று. பிறவியிலேயே காது கேளாதவர்கள், பார்வை இல்லாதவர்கள், வலிப்பு உள்ளவர்கள், மனநோயாளிகள், 'மந்த புத்தி' என்று யாரோ முத்திரை குத்தியவர்கள் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். இதற்கென்றே தனி நீதிமன்றம். சுமார் 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை அறுவை செய்தார்கள். காது கேளாதோர் பள்ளி ஆசிரியர்களிலேயே சிலர் தங்கள் மாணவர்களைப் பிடித்துக் கொடுத்தார்கள். முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவள் நான், இந்த இடத்தை என்னால் சுலபமாகத் தாண்டிப் போக முடியவில்லை.

1939 ஆகஸ்டில் அடுத்த உத்தரவு. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் இன்னின்ன குறை இருந்தால் மருத்துவச்சியும் டாக்டரும் அரசுக்கு எழுதித் தர வேண்டும். இன்று டவுன் சிண்ட்ரோம் என்று நாம் சொல்வது அந்தப் பட்டியலில் இருந்தது. நல்ல சிகிச்சை கிடைக்கும் என்று பெற்றோரிடம் சொல்லி வாங்கிக்கொண்டு போய், மருந்தை அதிகமாகக் கொடுத்தோ பட்டினி போட்டோ கொன்றார்கள். குறைந்தது 5,000 பிள்ளைகள்.

பெரியவர்களுக்கு ஒரு படிவம். பெர்லினில் தியர்கார்ட்டன் தெரு 4-ஆம் எண் வீட்டிலிருந்து இந்த வேலை நடந்ததால் இதற்கு 'டி4' என்று பெயர் வந்தது. ஒவ்வொரு மனநல விடுதிக்கும் படிவங்கள் போயின. நோயின் பெயர் என்ன, எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார், என்ன வேலை செய்கிறார், இனம் என்ன என்றெல்லாம் கேட்டுவிட்டு அதிலேயே இன்னொரு கேள்வி: இவரை யாராவது வழக்கமாக வந்து பார்க்கிறார்களா, பார்க்கிறவரின் முகவரி என்ன? எதற்கு இந்தப் படிவம் என்று விடுதிக்காரர்களுக்குச் சொல்லவில்லை. நன்றாக வேலை செய்கிற நோயாளிகளை வேறெங்கோ கூலிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து, இவரால் ஒன்றும் முடியாது என்று எழுதி அனுப்பிய விடுதித் தலைவர்களும் உண்டு. காப்பாற்றுவதாக நினைத்து எழுதிய வார்த்தையே ஆளைக் கொன்றது. படிவத்தைப் பார்த்த மூன்று டாக்டர்கள், நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல், காகிதத்தின் மூலையில் சிவப்புப் பென்சிலால் கூட்டல் குறி போட்டால் சாவு, நீலத்தில் கழித்தல் குறி போட்டால் உயிர்.

அப்புறம் சாம்பல் நிற பஸ் வரும். கிராஃபெனெக், பிராண்டன்பர்க், ஹார்ட்ஹைம், சோனன்ஸ்டைன், பெர்ன்பர்க், ஹடமார் என்று ஆறு இடங்கள். குளிக்கிற அறை போலக் கட்டிய அறைக்குள் அனுப்பிக் கார்பன் மோனாக்சைடைத் திறந்துவிட்டார்கள். 1940 ஜனவரியிலிருந்து 1941 ஆகஸ்ட் வரை 70,273 பேர். இது எதிரிகள் சொன்ன கணக்கில்லை, அவர்களே எழுதி வைத்த கணக்கு.

அந்தப் படிவத்துக் கேள்வியை முதலில் படித்தபோது எனக்கு எங்கள் ரப்பர்த் தோட்டத்து வரிசை வீடுகளான லயம்தான் கண்முன் வந்தது. கடைசி வீட்டில் ஒரு அக்கா, நடக்கவும் மாட்டார், பேசவும் மாட்டார், வாசலில் சாக்குக் கட்டிலில் படுத்திருப்பார். பால்மரம் வெட்டிவிட்டு வரும் பெண்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் நிற்பார்கள். ஒருத்தி தலையைக் கோதிவிடுவாள், ஒருத்தி ஈ விரட்டுவாள், என் அம்மா கோட்டுப்பால் நாற்றம் போகக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒரு வாய் தேத்தண்ணி ஊட்டுவார். யார் வந்து பார்க்கிறார்கள் என்று யாராவது எழுதிக்கொண்டு போக வந்திருந்தால், அந்தக் காகிதத்தில் இடம் பற்றியிருக்காது.

அதைக் கருணைக்கொலை என்றுதானே சொன்னார்கள்? கஷ்டப்படாமல் போகட்டும் என்று நினைத்திருக்கலாம் இல்லையா?
– இளைஞர், பீடோங் அருகே ஒரு தோட்டம்

இல்லை தம்பி. அந்த வார்த்தையை அவர்கள் போர்வையாகப் போர்த்திக்கொண்டார்கள், நாமும் எடுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டாம். செத்தவர்களை யாரும் கேட்கவில்லை. குடும்பத்தையும் கேட்கவில்லை. கருணை என்றால் பொய்ச் சான்றிதழ் எதற்கு? நிமோனியா, குடல்வால் அழற்சி என்று ஏதோ ஒரு காரணம் போட்டு ஆறுதல் கடிதம் அனுப்பினார்கள், கேட்டால் சாம்பலும் அனுப்பினார்கள். குடல்வாலைப் பல வருடங்களுக்கு முன்பே வெட்டி எடுத்துவிட்ட ஆளுக்கும் அதே காரணம் போனது. ஜனங்களுக்குச் சந்தேகம் வந்தது அப்படித்தான்.

உண்மையான காரணம் செலவு. பரம்பரை நோயாளி ஒருவருக்கு ஆயுள் முழுக்க 60,000 ரைக்ஸ்மார்க் (அன்றைய ஜெர்மன் பணம்) செலவாகிறது, அது உங்கள் பணமும்தான் என்று சுவரொட்டி அடித்தார்கள். ஒரு நோயாளியின் செலவில் எத்தனை குடும்பத்துக்கு வீடு கட்டலாம் என்கிற மாதிரிக் கணக்குகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அதைப் போட்டுப் பழகிய பிள்ளைகள் வளர்ந்து என்ன ஆவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஹடமார் ஊரில் சின்னப் பிள்ளைகள் சண்டை போடும்போது, உனக்குப் புத்தி சரியில்லை, உன்னை ஹடமார் அடுப்பில்தான் போடுவார்கள் என்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டதாக லிம்பர்க் பிஷப் 1941-இல் அமைச்சருக்கே எழுதினார்.

வாயு நின்ற பிறகும் கொலை நிற்கவில்லை. விடுதிகளிலேயே ஊசியாலும் பட்டினியாலும் 1945 வரை தொடர்ந்தது. மொத்தமாக இரண்டரை லட்சம் பேருக்குக் குறையாது என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. இந்தக் கொலைகளில் கைப்பழக்கம் ஆனவர்கள்தான் பிறகு யூதர்களைக் கொன்ற பெல்செக், சொபிபோர், திரெப்லிங்கா முகாம்களை நடத்தப் போனார்கள்.

ஒருத்தர்கூடத் தட்டிக் கேட்கவில்லையா டீச்சர்?
– வாசகர், பீடோங்

கேட்டார்கள், போதவில்லை. எனக்குப் பிடித்தவர் லோத்தார் கிரைசிக் என்கிற நீதிபதி. பிராண்டன்பர்க்கில் மனநோயாளிகளுக்குக் காப்பாளர் முறையில் பொறுப்பு அவருக்கு. 1940-இல் தன்னிடம் உள்ள கோப்புகளில் சாவுச் செய்தி அடுக்கடுக்காக வருவதைக் கவனித்தார், அவ்வளவுதான், கவனித்தார். நீதி அமைச்சருக்கு எழுதினார். இந்த டி4 வேலைக்குப் பொறுப்பில் இருந்த பூலர் மேல் கொலைக் குற்றம் சுமத்தினார். ஹிட்லர் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார்கள். அது சட்டம் ஆகாது என்று சொல்லிவிட்டார். வேலையை விட்டு அனுப்பினார்கள்.

1941 ஆகஸ்ட் 3 அன்று மூன்ஸ்டர் பிஷப் ஃபொன் காலன் பிரசங்க மேடையில் ஏறி, இது கொலை என்றார். உழைக்க முடியாதவரைக் கொல்லலாம் என்றால் நாளைக்கு நமக்கு வயதாகும்போது என்ன கதி, கை கால் போய்ப் போர்முனையிலிருந்து திரும்பும் சிப்பாய்க்கு என்ன கதி என்று கேட்டார். ஜனங்கள் கையால் எழுதியும் தட்டச்சு செய்தும் அதைப் பரப்பினார்கள். மூன்று வாரத்தில், ஆகஸ்ட் 24 அன்று, வாயுக் கொலையை நிறுத்த ஹிட்லர் உத்தரவிட்டார். பிஷப்பைத் தொடப் பயந்தார்கள், ஆனால் அவர் பிரசங்கங்களைப் பரப்பியதையும் குற்றமாகச் சேர்த்து லூபெக்கில் பிடித்த நான்கு பாதிரியார்களை 1943-இல் தலை வெட்டிக் கொன்றார்கள்.

என் பேரனுக்கு ஆட்டிசம். ஓ.கே.யூ. என்கிற மாற்றுத்திறனாளி அட்டை எடுக்கச் சொல்கிறார்கள். நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து பெயரைப் பட்டியலில் கொடுக்கவே பயமாக இருக்கிறது. எடுக்கலாமா?
– ஒரு பாட்டி, பீடோங்

உங்கள் பயத்தைத் தள்ளிவிட மாட்டேன் அம்மா. பட்டியல் யார் கையில் இருக்கிறது என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அங்கே நடந்தது வேறு. டாக்டர் தானாக எழுதிக் கொடுத்தார், வீட்டுக்கே தெரியாது. இங்கே பதிவு கட்டாயமில்லை, நீங்கள் கேட்டால்தான். 2008-இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது, 2010-இல் ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா ஏற்றது. சட்டத்தில் இன்னும் பல் முளைக்கவில்லை, மீறினால் தண்டனை என்று அதில் இல்லை, அதைக் கேட்டு வாங்க வேண்டியதும் நாம்தான். அதற்காக அட்டை இல்லாமல் இருந்தால் பேரனுக்குக் கிடைக்க வேண்டிய உதவித்தொகையும் பள்ளிச் சலுகையும்தான் போகும்.

எடுங்கள். டாக்டர் நிரப்பிக் கையெழுத்துப் போட்ட படிவம், பேரனின் பிறப்புப் பத்திரம், படம், உங்கள் ஐ.சி. (அடையாள அட்டை) இவற்றோடு சுங்கைப்பட்டாணியில் உள்ள மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்குப் போகலாம். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்துப் போடும் முன் படித்துக் காட்டச் சொல்லுங்கள், மலாய் புரியவில்லை என்றால் தயங்காமல் மறுபடி கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி போடுங்கள் அம்மா, எந்த நாள் என்று மட்டும் எழுதுங்கள், நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.