ரங்கூனில் குண்டு விழுந்த நாள் – கடிதம்

வணக்கம் ஐயா,

எனக்கு ஊர் மேலூர். என் பாட்டியின் அப்பா பர்மாவில் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஜப்பான்காரன் முதன்முதலாகக் குண்டு போட்ட அன்றே செத்துப்போனார். "ஓடி ஒளியாம ஆகாசத்த வாய் பாத்துக்கிட்டு நின்ன மனுசன்" என்றுதான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பேச்சு வந்தாலே பாட்டி எழுந்து போய்விடும். அப்போது பாட்டிக்கு ஆறு வயது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்ததாம். அந்த நாளைத் தெரிந்துகொள்ள எதைப் படிக்கலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

புத்தகங்களுக்கு முன்னால் உங்கள் பூட்டனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1941 டிசம்பர் 23 காலையில் ரங்கூன் தெருக்களில் அண்ணாந்து பார்த்து நின்றவர்கள் பல்லாயிரம் பேர். அந்த ஊர் அதற்கு முன் வான்தாக்குதலைக் கண்டதில்லை. விழுந்தவற்றில் பல, ஆட்களைக் கொல்வதற்கென்றே செய்த சிதறு குண்டுகள். வெட்டவெளியில் நின்றவர்களை அவற்றின் இரும்புச் சில்லுகள் அறுத்துப் போட்டன. அன்று ஒரே நாளில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மேல். ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள் என்பதால் செத்தவர்களிலும் நம்மவர்கள் ஏராளம். அதை அவருடைய அசட்டுத்தனம் என்று இனி உங்கள் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. குண்டு விழுந்தால் என்ன செய்வது என்று அந்தக் கூலிக்காரருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

முதலில் வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழிநடைப் பயண'த்தைப் படியுங்கள். ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்தியவர், 1942இல் மனைவியோடு நடந்தே இந்தியா வந்தவர். அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆனவை, தேடினால் கிடைக்கும். வரலாற்று நூல் 'ஐந்து லட்சம் பேர் வெளியேறினார்கள்' என்று ஒரு வரியில் கடந்துவிடும். நடந்தவர் எழுதினால்தான் அது ஒவ்வொரு நாளாக நமக்குத் தெரியும்.

ஆங்கிலம் வாசிப்பீர்கள் என்றால் கிறிஸ்டோபர் பெய்லியும் டிம் ஹார்ப்பரும் எழுதிய 'ஃபர்காட்டன் ஆர்மீஸ்' இருக்கிறது. கூலிகள் ஓடியதும் துறைமுகம் ஏன் ஸ்தம்பித்தது, இந்தியாவுக்குத் தப்பிப் போக நல்ல வழி வெள்ளைக்காரருக்கும் கெட்ட வழி நம்மவருக்கும் என்ற புகார் எப்படி எழுந்தது என்பதெல்லாம் விளங்கும்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யையும் விட்டுவிடாதீர்கள். அதில் ரங்கூன் இல்லை; சுமத்ராவின் மேடானும் மலேயாவின் பினாங்கும்தான். ஆனால் பிழைக்கப் போன நம் பக்கத்துப் பையன்களின் தலையில் யுத்தம் எப்படி வந்து இறங்கியது என்பதை அப்படி எழுதியவர் வேறு யாரும் இல்லை என்பது என் எண்ணம். சிங்கம்புணரியில் பிறந்து, யுத்த காலத்தில் மேடானில் இருந்து, பிறகு நம் மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர். அந்த நாவல் அச்சாக 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

இன்னொன்று. நடந்து வந்தவர்களுக்கு முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று புரோம், டாங்கப் கணவாய், அக்யாப், சிட்டகாங். மற்றது மாந்தளே, கலேவா, தாமு, பாலேல், இம்பால், திமாப்பூர். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து இந்த ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். கேள்வி எதுவும் கேட்க வேண்டாம். எந்தப் பெயருக்கு அவர் நிமிர்ந்து பார்த்தார் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.